முப்பது பவுண்டுக்கு ஒரு குரல்

நேயர்களுக்கு வணக்கம். பாட்டுக் கேட்கும்போது முன்னால் பாடுகிறவரை விட்டுவிட்டு, பின்னால் 'ஊ', 'ஆ' என்று இழைகிற குரல்களிலேயே காதை வைத்திருப்பது எனக்கு வெகுநாள் பழக்கம். "பாட்டு எப்படின்னு கேட்டா கோரஸ் நல்லா இருக்குங்கிற ஆள்" என்று வீட்டில் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

கோரஸ் பாடுவதை லேசான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். நாலு பேர் நிற்கிறார்கள். ஒரே ஸ்வரத்தை வெகுநேரம் இழுத்துப் பிடிக்கிற நீண்ட கார்வை என்றால் நாலு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கக் கூடாது, ஒருவர் மாற்றி ஒருவர் வாங்க வேண்டும். ஆங்கிலப் பாட்டில் ஒரு சொல் 'ஸ்' என்று முடிந்தால் பல சமயம் ஒருவர் மட்டும் அதைச் சொல்வார், மற்றவர்கள் விழுங்கிவிடுவார்கள். எல்லோரும் சொன்னால் மைக்கில் பாம்பு சீறுகிற மாதிரி விழும். இவ்வளவும் செய்துவிட்டு, அன்றைய சம்பளம் பெரும்பாலும் அன்றோடு சரி. பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் பாட்டு ஒலிக்கிற வரை வருமானத்தில் பங்கு வரும். இதை மட்டும் மனதில் வையுங்கள்: கூலி ஒரு நாள், பங்கு ஆயுள் முழுக்க.

லண்டனில் கிளேர் டோரி என்று ஒரு பெண். பாட்டும் எழுதுவார், மற்றவர்களின் ஒலிப்பதிவுகளுக்குப் போய்ப் பாடியும் கொடுப்பார். 1973 ஜனவரியில், ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் சொன்னதன் பேரில், அபே ரோடு ஸ்டூடியோவுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டது பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் இசைக்குழு. அந்தக் குழுவில் இருந்த ரிச்சர்ட் ரைட் போட்ட பியானோ இசை தயாராக இருந்தது. வரிகள் கிடையாது. பாட வேண்டிய மெட்டும் கிடையாது! "ஏதாவது பாடுங்கள்" என்கிறார்கள். அவர் வழக்கம்போல 'பேபி, பேபி' என்று ஆரம்பித்ததும், "வார்த்தையே வேண்டாம்" என்று நிறுத்திவிட்டார்கள். என்ன செய்வார்? தன்னை ஒரு வாத்தியமாகவே நினைத்துக்கொண்டாராம். அதன் பிறகு அந்தக் குரல் அலறுகிறது, கெஞ்சுகிறது, தணிந்து முனகுகிறது. இரண்டு மூன்று தடவைதான் பாடினார். இவ்வளவு கத்திவிட்டோமே என்று கூசிப்போய், மன்னிப்பும் கேட்டுக்கொண்டு கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் இரட்டைச் சம்பளம். அதுவே 30 பவுண்டுதான்.

இதைப் பதிவில் சேர்க்கப் போவதில்லை என்றே நினைத்திருந்தார். சில வாரம் கழித்து, கடையில் இசைத்தட்டு உறையில் தன் பெயரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். பாடியவர் என்று போட்டிருந்தார்கள். இயற்றியவர் என்ற இடத்தில் ரைட் மட்டும். அந்த இசைத்தட்டு, 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', உலகில் மிக அதிகமாக விற்றவற்றில் ஒன்று.

நான் கேட்பது இதுதான். மெட்டே தராமல் பாடச் சொன்னால், பாடியவர்தானே அந்த மெட்டைப் போட்டவர்? அவரும் 2004-இல் வழக்குத் தொடுத்து அதைத்தான் கேட்டார். 2005-இல் சமரசமானது. எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை வெளியிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த பதிப்புகளில், ரைட்டின் பெயரோடு, குரல் பகுதியை இயற்றியவர் கிளேர் டோரி என்று இருக்கிறது. ஒரு மாலைப் பொழுதில் செய்த வேலைக்கு 32 வருடம் கழித்து! வழக்குப் போடத் துணிச்சலோ காசோ இல்லாதவர்கள் எத்தனை பேரோ.

எல்லாருக்கும் இப்படி நடக்கவில்லை. 1974-இல் டேவிட் போவி என்ற ஆங்கிலப் பாடகரின் ஒலிப்பதிவுக்குப் போன லூதர் வான்ட்ராஸ் என்பவர், கோரஸ் பாடியதோடு தன் பாட்டு ஒன்றையும் கொடுத்தார். வரிகளை மாற்றி 'ஃபாஸினேஷன்' என்று வெளியிட்ட போவி, இயற்றியவர்களில் அவர் பெயரையும் சேர்த்தார். 1981-இல் லூதர் தனி ஆல்பமே போட்டுப் பெரிய பாடகரானார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. டார்லீன் லவ் என்ற அமெரிக்கப் பாடகி பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். 1962-இல் அவர் பாடிய 'ஹீ இஸ் எ ரெபல்' அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஆனால் இசைத்தட்டில் இருந்தது 'தி கிரிஸ்டல்ஸ்' என்ற வேறு குழுவின் பெயர். கிடைத்தால் கேட்டுப் பாருங்கள். வணக்கம்.