நண்டு அண்ணன் எங்கே?

(துறைமுகக் கோடைக்காலக் கல்விப் பணித் தொடக்க விழாவில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, துறைமுக நிர்வாகத்தின் சார்பில் வந்திருக்கும் பெரியவர்களே, கடலடி வாழ்வைப் பற்றி எனக்கு முன்னால் தெளிவாகப் பேசி அமர்ந்திருக்கும் பேராசிரியர் அம்மா அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, முன்வரிசையில் ரப்பர் பூட்ஸோடு உட்கார்ந்திருக்கும் கோடைக்காலக் குழுப் பிள்ளைகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

தலைவருக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். அவருக்கு இருக்கும் வேலைப் பளுவில் ஒரு மணி நேரம் ஒதுக்குவதே பெரிது. அவரோ காலையிலேயே வந்து, படகுத்துறையின் கடைசி வரை நடந்து, பிள்ளைகள் தூக்கிக் காட்டிய கயிற்றைக் குனிந்து பார்த்தார். சட்டையில் தெறித்த சேற்றைத் துடைக்கக்கூட இல்லை. பேராசிரியர் அம்மா தம் ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கிகள் இரண்டைக் கோடை முழுவதும் இங்கேயே வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். பெரிய மனது. படகோட்டி அண்ணன்மார்களுக்கும், பிள்ளைகளை அதிகாலையில் எழுப்பி அனுப்பிய தாய்மார்களுக்கும் இந்த மேடையிலிருந்து என் கைகூப்பு.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். துறைமுகத்துத் தண்ணீருக்குள் இருக்கும் உயிர்களைப் பற்றி ஒன்று. கப்பலோடு ஊர்விட்டு ஊர் வரும் அயல் உயிர்களைப் பற்றி இன்னொன்று. இந்தப் பிள்ளைகள் செய்யும் வேலையைப் பற்றி மூன்றாவது. எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே பழமொழிதான்: ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

துறைமுகத் தண்ணீர் என்றால் எண்ணெய், குப்பை, துரு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒரு கயிற்றை எடுத்துப் படகுத்துறையிலிருந்து தொங்கவிட்டுச் சில வாரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். முதலில் வழுவழுவென்று ஒரு படலம் படியும். பிறகு வெள்ளை வெள்ளையாகக் கொட்டலசு ஏறும், ஆங்கிலத்தில் பார்னக்கிள் என்பார்களே, அந்தச் சின்ன ஓட்டு உயிர். அதன்மேல் சிப்பி, சிப்பியின் இடுக்கில் விரல்நகம் அளவு நண்டு. தூக்கிய கயிறு கனக்கும், அத்தனையும் உயிர்.

அந்தக் கொட்டலசைப் பிய்க்காமல், அது ஒட்டியிருக்கும் சிப்பியோடு எடுத்து ஒரு கண்ணாடிக் குவளைக் கடல்நீரில் வையுங்கள். அசையாமல் காத்திருங்கள். உச்சியில் இருக்கும் சின்னக் கதவு திறக்கும். உள்ளேயிருந்து இறகு போன்ற கால்கள் விரிந்து தண்ணீரை வாரும், மடங்கும், மறுபடி வாரும். தலையை அடியில் ஒட்டிக்கொண்டு, கால்களால் இரையை வாரிச் சாப்பிட்டே ஆயுளைக் கழிக்கும் உயிர் அது.

ஓடு இருக்கிறது, ஒரே இடத்தில் ஒட்டிக் கிடக்கிறது. அதனால் இதுவும் சிப்பி நத்தை மாதிரி ஒரு மெல்லுடலி என்றுதான் பெரிய அறிஞர்களே எழுதி வைத்திருந்தார்கள். அயர்லாந்தின் கார்க் துறைமுகப் பகுதியில் பணியாற்றிய ஜான் வாகன் தாம்சன் ஓர் இராணுவ மருத்துவர். அவர் வலையை நீரில் இழுத்து, அதில் சிக்கிய மிகச் சிறிய நீந்தும் உயிர்களைப் பாத்திரத்துக் கடல்நீரில் விட்டுக் காத்திருந்தார். நீந்திக்கொண்டிருந்தவை பாத்திரத்தில் ஒட்டிக் கொட்டலசாக மாறின. நண்டு, இறால் கூட்டத்து உயிர் இது என்று 1830-இல் அவர் வெளியிட்டார். பிறகு டார்வின் 1846-இல் தொடங்கி எட்டு ஆண்டுகள் இந்தக் கொட்டலசோடுதான் மல்லாடினார். தாம்சனிடம் இருந்தவை ஒரு வலை, ஒரு பாத்திரம், பொறுமை. இங்கே முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளிடமும் இவை மூன்றும் இருக்கின்றன.

இப்போது அந்தப் பையனைப் பற்றிச் சொல்கிறேன். பதினாறு வயது. வகுப்பில் கடைசி பெஞ்சு. ஒரு துறைமுகத்தில் கோடைக்காலப் பணிக்கு வந்தான். அதே குழுவில் நானும் உதவியாக இருந்தேன். தொட்டுப் பார்க்கும் தொட்டியில் அவனை நிறுத்தினோம். கடலையே பார்த்திராத ஆறேழு வயதுப் பிள்ளைகள் ஒரு நாள் வந்தார்கள். தொட்டியின் ஓரத்தில் கால்களையெல்லாம் விரித்தபடி ஒரு நண்டு அசையாமல் கிடந்தது. ஒரு சிறுமி அதைப் பார்த்துவிட்டு, "செத்துப்போச்சு, செத்துப்போச்சு" என்று அழ ஆரம்பித்தாள். ஒன்று அழுதால் போதுமே, வரிசையே அழுதது. ஆசிரியை ஓடி வந்தார். நான் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

அவன் ஓடவில்லை. அந்தச் சிறுமி முன்னால் மண்டியிட்டான். நண்டை எடுத்து அவள் மூக்கருகே நீட்டி, "பாப்பா, மோந்து பாரு. செத்த நண்டு நாறும். இது நாறுதா?" என்றான். அவள் மோந்துவிட்டுத் தலையை ஆட்டினாள். "கையில வாங்கு. கனக்குதா?" வாங்கினாள். காகிதம் மாதிரி இருந்தது. பின்பக்கம் பிளந்திருந்த விளிம்பை விரலால் மெல்லத் தூக்கிக் காட்டினான். உள்ளே சதை இல்லை. கால், கொடுக்கு, கண் மேல் இருந்த மூடி வரைக்கும் எல்லாம் அப்படியே இருந்தன, நண்டு மட்டும் இல்லை.

"இது அதோட பழைய சட்டை. வளர்ந்துடுச்சு, சட்டை பத்தல. பின்பக்கமா கழட்டிப் போட்டுட்டுப் போயிடுச்சு."

அழுகை நின்றது. "அப்போ அது எங்கண்ணா இருக்கு?"

"அதுக்கு இப்போ உடம்பெல்லாம் மெத்து மெத்துனு இருக்கும். மீனுக்குப் பயந்து எங்கயாவது ஒளிஞ்சிருக்கும். தேடலாமா?"

இருபது பிள்ளைகளும் தொட்டியைச் சுற்றிக் குனிந்தார்கள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு கல்லுக்கு அடியில் அந்தச் சிறுமியேதான் கண்டுபிடித்தாள். கழற்றிப் போட்ட ஓட்டைவிடப் பெரிதாக, ஈரத் தோல் போல மின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தொட வேண்டாம், ஓடு இறுகச் சில நாள் ஆகும், பார்த்தால் போதும் என்றான். அத்தனை பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். திரும்பிப் போகும்போது அவள் ஆசிரியைக்கு அதைப் பாடம் நடத்திக்கொண்டே போனாள். அன்றிலிருந்து அவன் பெயர் நண்டு அண்ணன்.

அடுத்த கோடையில் அந்தச் சிறுமி மறுபடி வந்தாள். வந்ததும் கேட்டாள்: "நண்டு அண்ணன் எங்கே?"

அவன் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். முதல் கோடையில் அவனுக்குக் கிடைத்தது ஒரு சான்றிதழும் ஒரு தொப்பியும். வீட்டில் பணம் தேவைப்பட்டது. எங்களிடம் பணம் இல்லை, கிடங்கில் இருந்தது. தொட்டியருகே அவனிடத்தில் வேறொரு பிள்ளை, புதிதாக வந்தவள், தாளைப் பார்த்து, "நண்டு பத்துக்கால் உயிரி" என்று வாசித்தாள். அவள் மேல் குற்றமில்லை. அவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவனைத்தான் நாங்கள் போக விட்டுவிட்டோமே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பெரியவர்களே, நான் கேட்க வந்தது இந்தப் பிள்ளைகளுக்குச் சம்பளம். பாஸ்டன் துறைமுகம் ஒரு காலத்தில் அமெரிக்காவிலேயே மிக மோசமாக மாசுபட்ட துறைமுகங்களில் ஒன்று. கழிவுநீர்ச் சேற்றைக் கொட்டுவது 1991-இல்தான் நின்றது. சுத்திகரித்த நீரைச் சுமார் 15 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் விடும் சுரங்கம் 2000-இல் திறந்தது. அந்தத் துறைமுகத்துக்காக 1986-இல் தொடங்கிய 'சேவ் த ஹார்பர், சேவ் த பே' அமைப்பு, கோடையில் பதின்வயதினரைச் சம்பளத்துக்கே வேலைக்கு எடுத்துச் சிறுவர்களோடு கரையில் நிறுத்துகிறது. நியூயார்க்கில் 2003-இல் தொடங்கிய துறைமுகப் பள்ளி மாணவர்கள் படகு ஓட்டவும் நீரில் மூழ்கவும் சிப்பி வளர்க்கவும் பழகுகிறார்கள். அந்தத் துறைமுகத்தில் 2035-க்குள் நூறு கோடி சிப்பிகளைச் சேர்ப்பது என்ற திட்டத்தில் அவர்கள் கையும் இருக்கிறது.

கிரேன் ஓட்டுகிறவருக்குச் சம்பளம் இருக்கிறது. தூணுக்குப் பெயிண்ட் அடிக்கிறவருக்கும் இருக்கிறது. அதே வெயிலில், அதே படகுத்துறையில், நாள் முழுக்க நின்று கடலை விளக்குகிற பிள்ளைக்கு மட்டும் கைதட்டல் போதுமா? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை சம்பளம் இல்லாமலும் வருவான். மற்றவன் வரமாட்டான், அவனைத்தான் நாம் இழக்கிறோம். இந்த ஆண்டு வரவுசெலவுக் கணக்கிலேயே இவர்களுக்கு ஒரு தலைப்பு திறந்து, முதல் வாரத்திலிருந்தே கூலி எழுதுங்கள். ஒரு கோடை நின்ற பிள்ளைக்கு அடுத்த கோடையில் முதல் அழைப்புக் கொடுங்கள். தலைவர் அவர்கள் குறித்துக்கொள்வதைப் பார்க்கிறேன், நன்றி ஐயா.

கப்பல் சமநிலைக்காக ஏற்றிவரும் பேலஸ்ட் தண்ணீரில் அயல் உயிர்கள் எப்படி வருகின்றன, 2004-இல் உருவாகி 2017-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு ஒப்பந்தம் அதற்கு என்ன செய்கிறது என்று சொல்ல நினைத்திருந்தேன். நேரம் முடிந்தது என்று துண்டுச்சீட்டு வந்திருக்கிறது. பேராசிரியர் அம்மா அதை என்னைவிட நன்றாகச் சொல்வார்.

தண்ணீரும் வற்றத் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் இரண்டாவது கயிற்றைத் தூக்க வேண்டிய நேரம். நீங்கள் எழுந்து போகலாம் தம்பிகளே, தங்கைகளே. நாங்கள் பின்னாலேயே வருகிறோம். நன்றி, வணக்கம்.