சந்திரனில் நடந்தவர்களும் கால் இழுத்து நடந்தவரும்

சாரண ஆசிரியர்களே, பெற்றோரே, கழுத்துப்பட்டி கட்டி வெயிலில் நிற்கும் தம்பி தங்கச்சிமாரே, முதலில் இந்த வேப்பமர நிழலுக்கு வாருங்கள்.

சாரணியத்தில் இருந்து வந்த பிரபலங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சந்திரனில் நடந்த 12 பேரில் 11 பேர் சிறுவயதில் சாரணர்கள். நீல் ஆம்ஸ்ட்ரோங் அமெரிக்காவின் உச்சப் படியான கழுகுச் சாரணர் வரை போனவர். நம் நாட்டில் 1912இல் மாத்தளையில் இதைத் தொடக்கிவைத்தவர் எப். ஜி. ஸ்டீவன்ஸ். சரி, கைதட்டியாயிற்று.

எனக்குப் பிடித்தவர் இன்னொருவர், ஜேம்ஸ் வெஸ்ட். 1876இல் வாஷிங்டனில் பிறந்தார். தாய் காசநோயில் இறந்தபோது சின்னப் பிள்ளை. தகப்பனும் இல்லை. அநாதை இல்லத்தில் விட்டார்கள். அதே காசநோய் இவருடைய காலையும் பிடித்தது. ஆயுள் முழுக்கக் கால் இழுத்துத்தான் நடந்தார். அப்படியே படித்து, சட்டத்தரணியாகி, சிறுவர்களுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்று வாதாடினார். 1909இல் அமெரிக்க ஜனாதிபதி கூட்டிய சிறுவர் பராமரிப்பு மாநாட்டுக்குப் பின்னால் நின்றவரும் இவர்தான். வறுமை ஒன்றை மட்டும் காரணம் காட்டிப் பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்கக்கூடாது என்று அந்த மாநாடு சொன்னது. வன்னியில் எத்தனை தாய்மாருக்கு இந்த வசனம் உறைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1911இல் அமெரிக்கச் சாரணர் இயக்கத்தின் தலைமை நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. 1943 வரை விடவில்லை. காடு மேடு ஏறிய வீரர் அல்ல, மேசையில் இருந்து கடிதமும் கணக்கும் பார்த்த மனிசன். பொல்லாத பிடிவாதக்காரர் வேறு. இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஏர்னஸ்ட் தொம்சன் செற்றனோடு முட்டுப்பட்டார், 1915இல் செற்றன் வெளியே போனார். ஆனால் மாவட்டங்களில் இயக்கம் நிலைத்து நிற்கப் பதிவேடும் பணமும் ஒழுங்கும் வேண்டும். அதைச் செய்பவருக்கு ஒருவரும் மாலை போடுவதில்லை.

இங்கே கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் செயற்கைக் காலோடு வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள், இல்லங்களில் வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களைச் சாரண ஆசிரியர்களாகக் கூப்பிடுங்கள். பாசறைக்கு ஓட முடியாதே என்று யாராவது இழுத்தால், பதிவேட்டை யார் எழுதுவது என்று திருப்பிக் கேளுங்கள். அப்புறம், அணிவகுப்பில் மெதுவாக நடக்கிற பிள்ளையைப் பின்வரிசைக்குத் தள்ளாதீர்கள். முன்னுக்கு விடுங்கள், மற்றவர்கள் அவன் நடைக்குக் காலை வைக்கட்டும். அடுத்த அணிவகுப்பிலேயே தொடங்கலாம், சேர்.