மேலேயும் கீழேயும் ஏன் கறுப்பு?

நேயர்களுக்கு வணக்கம். புதிதாக புரொஜெக்டர் வாங்கிய நண்பர் ஒருவர் போன மாதம் ஒருநாள் இரவு பத்து மணிக்கு போன் செய்தார். "படத்துக்கு மேலயும் கீழயும் கறுப்பா பட்டை விழுதுங்க, மிஷின்ல ஏதோ கோளாறு." நான் போய்ச் சேர்வதற்குள் ரிமோட்டில் 'ஜூம்' பொத்தானை அழுத்தி அவரே சரிசெய்துவிட்டிருந்தார். பட்டை போய்விட்டது. ஆனால் திரையில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள், இரண்டு மூக்குகள் மட்டும் தெரிந்தன.

கோளாறு ஒன்றும் இல்லை. அது சினிமாஸ்கோப் படம். உயரம் ஒரு பங்கு என்றால் அகலம் 2.39 பங்கு. நம் டிவி, புரொஜெக்டர் எல்லாம் 16:9, அதாவது அகலம் 1.78 பங்குதான். அகலத்தைப் பொருத்தினால் உயரத்தில் இடம் மிஞ்சும். உயரத்தை நிரப்பினால் அகலத்தில் கால் பங்கு வெட்டுப்படும். நண்பரின் மூக்குகள் அப்படி வந்தவைதான்.

டிவியோடு போட்டி போட, 1953இல் ஹாலிவுட் கொண்டுவந்த அகலம் இது. தமிழுக்கு 1973இல் 'ராஜராஜ சோழன்' படத்தோடு வந்தது. அப்போதெல்லாம் ஃபிலிமில் காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிப் பதிவார்கள். தியேட்டர் லென்ஸ் அதைத் திரும்ப விரிக்கும். படத்துக்கு முன்னால் சாதாரண லென்ஸில் ஓடும் நியூஸ் ரீல் முடிந்ததும் லென்ஸை மாற்ற ஆபரேட்டர் மறந்தால், எல்லோரும் பனைமரம் மாதிரி நெடுநெடுவென்று வந்து நிற்பார்கள். விசில் சத்தத்தில் கொட்டகை அதிரும்.

அந்தக் கொட்டகைகளில் ஸ்கோப் படம் தொடங்கும்போது இரண்டு பக்கக் கறுப்புத் திரையும் விலகி வழிவிடும். படம் அகலமாகும், பெரிதாகும். வீட்டில் நேர் எதிர். சுவரில் அகலம் மாறாது, அதனால் ஸ்கோப் படம்தான் சிறுத்துப்போகும். நூறு அங்குலத் திரை என்று கடையில் சொல்வது மூலைக்கு மூலை அளவு. அதில் அகலம் 87 அங்குலம், உயரம் 49. ஸ்கோப் படம் போட்டால் உயரத்தில் 36 சொச்சம்தான் படம், மேலும் கீழும் ஆறு ஆறு அங்குலம் கறுப்பு. நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஸ்கோப் படம் என்றால், திரை வாங்கும்போது அகலத்தைக் கேளுங்கள்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குப் பிரச்சினை வேறு. அவை ஏறக்குறைய 4:3, அதனால் பட்டை இரண்டு பக்கமும் விழும். அதைப் பொறுக்காமல் 'ஃபுல்' என்று வைத்தால் எல்லோருக்கும் கன்னம் உப்பிவிடும். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: நாயகியின் பொட்டைப் பாருங்கள். வட்டமாக இருந்தால் சரி. படுத்த முட்டை போல இருந்தால் மெனுவில் 'ஆஸ்பெக்ட்' என்ற இடத்துக்குப் போய் 'ஆட்டோ'வோ 'நார்மல்'லோ வையுங்கள். சைக்கிள் சக்கரமும் உதவும், ஆனால் நம் படங்களில் பொட்டுக்குத்தான் குளோசப் அதிகம்.

இன்னொன்று. புரொஜெக்டரால் கறுப்பை எறிய முடியாது, வெளிச்சத்தைத்தான் தடுக்க முடியும். கொஞ்சம் கசியத்தான் செய்யும். அதனால் பட்டை சாம்பல் நிறமாகத் தெரியும், இருட்டறையில் அது கண்ணை உறுத்தும். நான் துணிக்கடையில் கறுப்பு வெல்வெட் வாங்கி, எட்டு அங்குல அகலத்தில் இரண்டு துண்டு தைத்து, வெல்க்ரோ வைத்து மேலேயும் கீழேயும் ஒட்டிக்கொள்கிறேன். படம் அப்படியே எடுப்பாகத் தெரியும். சில வெளிநாட்டுப் படங்களில் மட்டும் சப்டைட்டில் அந்தக் கீழ்ப் பட்டையிலேயே வரும். வெல்வெட் அதை விழுங்கிவிடும். பத்து நிமிடம் வசனம் புரியாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்துபோய்க் கீழ்த்துணியைப் பிய்த்துவிட்டு வருவேன்.