சுடப்படுவதற்கென்றே பறந்த விமானம்

நேயர்களுக்கு என் வணக்கம்.

முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் பிரிட்டனின் விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையினர், ஒரு விமானம் நீண்ட வடத்தில் கட்டி இழுத்துச் செல்லும் துணிக்குழாயைச் சுட்டே பயிற்சி பெற்றனர். இழுத்துச் செல்லும் விமானத்தில் விமானி இருப்பதால், தம்மை நோக்கி நேரே பாய்ந்து வரும் விமானத்தைச் சுடும் பழக்கம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. வானொலி அலைகளால் இயங்கும் ஆளில்லா இலக்கு விமானத்தின் தேவை இங்குதான் எழுந்தது.

முதலில் வந்தது ஃபேரி குயீன். 1933 ஜனவரியில் மத்தியதரைக் கடலில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அதை இரண்டு மணி நேரம் சுட்டும் வீழ்த்த முடியவில்லை. மே மாதத்தில்தான் ஷ்ராப்ஷயர் என்னும் கப்பல் அதை வீழ்த்தியது. அந்த இரண்டு மணி நேரத்தையே இவ்வரலாற்றின் மிக முக்கியமான பகுதியாக நான் கருதுகிறேன். ஏனெனில், தம் பீரங்கிகள் எவ்வளவு தவறுகின்றன என்பதைத் துணிக்குழாய் அவர்களுக்கு இத்தனை வெளிப்படையாகக் காட்டியிருக்க முடியாது.

1935இல் டி ஹாவிலாண்ட் நிறுவனத்தின் குயீன் பீ பறந்தது. டைகர் மாத் பயிற்சி விமானத்தின் இறக்கைகளை மரத்தாலான உடலில் பொருத்தி அதை அமைத்தார்கள். மரம் விலை மலிவு. கடலில் இறங்கினால் மிதக்கவும் உதவும். முன் இருக்கையில் விமானி அமர்ந்து ஓட்டவும் வழி இருந்தது; பின் இருக்கையின் இடத்தில் வானொலிக் கருவிகள் இருந்தன. தரையில் இருப்பவர் தொலைபேசியில் எண் சுழற்றுவதுபோல ஒரு வட்டைச் சுழற்றி, இடப்புறம் திரும்பு, வலப்புறம் திரும்பு, மேலே ஏறு என்று கட்டளைகளை அனுப்பினார். அது இறங்கிய விதம் இன்றும் என்னை வியக்க வைக்கிறது: விமானத்திலிருந்து தொங்கும் கம்பியின் முனையிலிருந்த எடை தரையையோ நீரையோ தொட்டதும், மூக்கு தானாக உயர்ந்து, இயந்திரம் நின்று, விமானம் தரையிறங்கும். குண்டடி படாமல் திரும்பியதை மறுபடியும் பறக்கவிட்டார்கள்.

நானூறு அளவில் கட்டப்பட்ட இவ்விமானங்களின் வேகமோ மணிக்கு ஏறத்தாழ 165 கிலோமீட்டர்தான். 1940இல் பிரிட்டன்மீது வந்த ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானங்களின் வேகம் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்ததால், குயீன் பீயைக் குறிபார்த்துப் பழகிய வீரர்கள், விமானத்துக்கு எவ்வளவு முன்னால் சுட வேண்டும் என்னும் கணக்கைப் போர்க்களத்தில் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது.