மெரினா போனா கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க!

(திரையில்: காமராஜர் சாலை. உருண்டை முகப்பு வச்ச பழைய கட்டடம்.)

வணக்கம் மக்களே! மெரினாவுக்கு எதிர்ல நிக்கிற இந்தக் கட்டடத்துக்குள்ள ஒரு காலத்துல என்ன அடுக்கி வச்சிருந்தாங்க தெரியுமா? ஐஸ். அதுவும் இங்க செஞ்ச ஐஸ் இல்ல. அமெரிக்காவுல, பாஸ்டன் பக்கம், குளிர்காலத்துல உறைஞ்சு போன குளத்துல இருந்து பாளம் பாளமா அறுத்து, கப்பல்ல ஏத்தி மெட்ராஸுக்குக் கொண்டு வந்த ஐஸ்!

மெரினான்னா நமக்கு என்ன? மணல்ல இறங்குவோம், கால் நனைப்போம், தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல் ஒரு பொட்டலம், சூடா ஒரு மிளகா பஜ்ஜி, அப்புறம் வீடு. தப்பே இல்ல. ஆனா ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனா இதைவிடப் பெரிய விருந்து இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்த வீடியோ.

அடிப்படைத் தகவலை மளமளன்னு முடிச்சிடுறேன். நீளம் சுமார் 6 கிலோமீட்டர். பறக்கும் ரயில்ல திருவல்லிக்கேணி இல்லன்னா கலங்கரை விளக்கம் ஸ்டேஷன்ல இறங்குங்க. மரத்தடி நடைபாதையில நடக்கணும்னா விடியக்காலை வாங்க, மத்தியானம் வெயில் மண்டையைப் பிளக்கும். முக்கியமா ஒண்ணு: இங்க குளிக்காதீங்க. மேல பார்க்க சாதுவா இருந்தாலும் அடியில இழுப்பு ஜாஸ்தி. எத்தனையோ பிள்ளைங்க போயிருக்காங்க. கால் நனைச்சா போதும்.

இப்போ ஐஸுக்கு வருவோம்.

ஃப்ரெடரிக் டியூடர்னு ஒரு பாஸ்டன் வியாபாரி. குளத்து ஐஸை வெப்ப நாடுகளுக்கு விக்கிறதுதான் அவர் தொழில். 1833-ல கல்கத்தாவுக்கு முதல் கப்பல் அனுப்பினார். ஏத்தினது 180 டன். நாலு மாசப் பயணம், பூமத்திய ரேகையை ரெண்டு தடவை தாண்டணும். போய்ச் சேர்ந்தப்போ சுமார் 100 டன் மிச்சம் இருந்தது! ஃப்ரிட்ஜ் இல்ல, கரண்ட் இல்ல. ரகசியம் மரத்தூள். பாளங்களை நெருக்கி அடுக்கி, சுத்தி மரத்தூளைத் திணிச்சா வெளிச்சூடு உள்ள போறதுக்குள்ள மாசங்கள் ஓடிடும். மரம் அறுக்கிற பட்டறையில யாரும் சீண்டாத தூளு!

மெட்ராஸ் ஐஸ் ஹவுஸ் 1842-ல வந்தது. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இங்கதான். அப்போ மெட்ராஸுக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்துலயே நங்கூரம் போட்டுடும். சரக்கைக் கரைக்குக் கொண்டு வர்றது நம்ம ஊர் மசூலா படகு. ஒரு ஆணி கிடையாது. பலகைக்குப் பலகை துளை போட்டு, தேங்காநார்க் கயித்தால தைச்ச படகு. அலை வந்து மோதினா ஆணி அடிச்ச படகு பிளந்துடும், தைச்ச படகு நெளிஞ்சு கொடுத்து மேல ஏறிடும். அமெரிக்கக் கப்பலோட சரக்கு கரையைத் தொட்டது நம்ம கடலோர மக்களோட கைப்பக்குவத்தாலதான். டியூடர் பேர் வரலாற்றுல இருக்கு, துடுப்புப் போட்டவங்க பேர் எதுவும் இல்ல. எனக்கு இது உறுத்துது.

ஊர்லயே இயந்திரத்துல ஐஸ் செய்ய ஆரம்பிச்சதும் இந்த வியாபாரம் படுத்துடுச்சு. வக்கீல் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கி, ஜன்னலும் வராந்தாவும் வச்சு வீடாக்கினார். 1897 பிப்ரவரியில, சிகாகோவுல பேசிப் பேர் வாங்கி ஊர் திரும்பின விவேகானந்தர் தங்கினது இங்கதான். எழும்பூர்ல ரயில் இறங்கி வந்தப்போ வண்டிக் குதிரைகளை அவுத்து விட்டுட்டு இளைஞர்களே வண்டியை இழுத்தாங்களாம். பின்னால சகோதரி சுப்புலட்சுமி, சின்ன வயசுல கணவரை இழந்த பெண்கள் தங்கிப் படிக்கிற விடுதியை இதே கட்டடத்துல நடத்தினாங்க. 1963-ல விவேகானந்தர் இல்லம்னு பேர் மாத்தியாச்சு. ஆனா பஸ்ல ஐஸ் ஹவுஸ்னு கேட்டுத்தான் இன்னைக்கும் டிக்கெட் எடுக்கிறோம்!

அங்கிருந்து திருவல்லிக்கேணி நடக்கிற தூரம். பார்த்தசாரதி கோயில் மூலவர் முகத்தை நல்லாப் பாருங்க, மீசை இருக்கும். கையில சங்கு உண்டு, சக்கரம் கிடையாது. பாரதப் போர்ல ஆயுதம் எடுக்க மாட்டேன்னு சொன்ன கண்ணன். உற்சவர் முகத்துல தழும்புகள். பீஷ்மர் விட்ட அம்பு பட்ட வடுன்னு சொல்வாங்க. தேரோட்டினவருக்குக் காயம் இல்லாம இருக்குமான்னு யோசிச்ச பக்தியை நினைச்சாலே எனக்குச் சிலிர்க்கும். கோயிலை ஒட்டி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவுல பாரதியார் கடைசியா வாழ்ந்த வீடு, இப்போ நினைவு இல்லம். அமைதியா ஒரு அரை மணி நேரம் கொடுங்க.

சேப்பாக்கம் அரண்மனை, செனட் ஹவுஸ், கலங்கரை விளக்கம் எல்லாம் இதே சாலையிலதான். விளக்குல லிஃப்ட் இருக்கு, முட்டிவலிக்காரங்களும் மேல போகலாம்.

(திரையில்: மேலிருந்து தெரியும் மணல்பரப்பு.)

மேல இருந்து பார்த்தா ஒரு கேள்வி வரும். ஐஸ் இறக்குற கிடங்கைத் தண்ணியை விட்டு இவ்வளவு தள்ளியா கட்டினாங்க? இல்ல. கடல்தான் தள்ளிப் போச்சு! 1870-கள்ல துறைமுகம் கட்ட ஆரம்பிச்சாங்க. நம்ம கரையோரமா மணல் வருஷத்துல பெரும்பாலான மாசம் தெற்கே இருந்து வடக்கே நகர்ந்துட்டே இருக்கு. வாய்க்கால்ல குறுக்கே செங்கல் வச்சா ஒரு பக்கம் மண் சேரும் பாருங்க, அதே மாதிரி துறைமுகச் சுவருக்குத் தெற்கே மணல் குவிஞ்சது. கவர்னர் கிராண்ட் டஃப் 1884-ல நடைபாதை போட்டு மெரினான்னு பேர் வச்சார். அதுக்கப்புறமும் கரை அகலமாகிட்டே போச்சு.

சரி, சுவருக்கு வடக்கே? அங்க வர வேண்டிய மணல் வரல. ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் கரையை அரிச்சுத் தின்னது. இன்னைக்கு அங்க மணலுக்குப் பதிலா பாறாங்கல் கொட்டி வச்சிருக்காங்க. நாம உக்காந்து சுண்டல் சாப்பிடுற இடத்துக்கு வடசென்னை மீனவ மக்கள் விலை கொடுத்திருக்காங்க. மெரினாவைப் பத்தி எத்தனையோ வீடியோ வருது, இதை யாரும் பேசுறதில்ல. பேசணும்.

அதனால அடுத்த வீடியோ காசிமேட்டுல இருந்துதான். அந்தப் பக்கம் பிறந்து வளர்ந்தவங்க யாராவது பார்த்துட்டு இருந்தா, உங்க தாத்தா காலத்துல கரை எது வரைக்கும் இருந்துச்சு, எந்தத் தெரு, எந்தக் கோயில் தண்ணிக்குள்ள போச்சுன்னு வீட்டுல கேட்டு கமெண்ட்ல எழுதுங்க. பழைய போட்டோ இருந்தா இன்னும் நல்லது. சேனலை சப்ஸ்கிரைப் பண்ணுங்க, அங்க சந்திப்போம்.