மூன்று பெண்கள் தட்டிய கதவு

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்றால், நாட்டின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது எல்லோருக்கும் நினைவு வரும். எனக்கோ அவர் பெயரைச் சொன்னதும் மயிலாப்பூரில் அவர் குடியிருந்த வீட்டு வாசல்தான் கண்முன் வந்து நிற்கும்.

1930-ஆம் வருஷம். மூன்று பெண் பிள்ளைகள் வந்து அந்தக் கதவைத் தட்டுகிறார்கள். பெண்களைக் கோயில் ஊழியத்துக்கு நேர்ந்துவிடும் தேவதாசிக் குடும்பத்துப் பிள்ளைகள். தங்கிப் படிக்க இடம் கேட்டு விடுதி விடுதியாகப் போய், ஏளனப் பேச்சு கேட்டுத் திரும்பியவர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இந்த அம்மா வீடு மட்டும் ஏன் நம்பிக்கை தந்தது?

முத்துலட்சுமி 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர் படித்தவர், கல்வித்துறையில் இருந்தவர். அம்மா சந்திரம்மாள், பெண்ணைத் தேவதாசியாக்கப் பொட்டுக்கட்டும் வழக்கம் இருந்த இசைவேளாளர் மரபில் வந்தவர். அதனால் அந்தப் பிள்ளைகளின் வலி முத்துலட்சுமிக்குச் சொந்த வீட்டு வலி. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் பெண்ணைச் சேர்க்கவே கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் சம்மதித்த பிறகுதான் இடம் கிடைத்தது. வகுப்பில் திரை மறைவில் உட்கார்ந்து பாடம் கேட்டார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணக்கும்போது, என்னைச் சமமாக மதிக்க வேண்டும், என் வேலைக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று முன்கூட்டியே பேசி முடித்தவர்.

அப்புறம் சென்னை மாகாண சட்டமன்றத்துக்குப் போனார், துணைத் தலைவரும் ஆனார். அங்கே அவர் தொட்ட விஷயங்களில் நான் மிக முக்கியமாக நினைப்பது நிலம். சாமிக்கு மனைவி என்று சொல்லி ஒரு சிறுமிக்குப் பொட்டுக் கட்டுவதற்குப் பின்னால், பக்தி மட்டும் இல்லை, மானிய நிலமும் இருந்தது. கோயில் ஊழியத்துக்காகக் கொடுத்த நிலம் அது. ஊழியத்துக்கு ஆள் இல்லையென்றால் நிலம் கையை விட்டுப் போய்விடும். பாட்டிக்குப் பிறகு அம்மா, அம்மாவுக்குப் பிறகு மகள் என்று பிள்ளையைக் கொடுத்து நிலத்தைக் காப்பாற்றினார்கள். 1929-இல் அவர் கொண்டுவந்த சட்டத் திருத்தம் அந்த முடிச்சை அவிழ்த்தது. ஊழியம் செய்யாமலே நிலத்தை அந்தப் பெண்கள் வைத்துக்கொள்ளலாம் என்று ஆக்கியது. வெறுமனே 'இது தப்பு' என்று சொல்லிவிட்டுப் போகாமல், அந்த வீட்டில் நாளைக்கு அடுப்பு எரிய வேண்டுமே என்றும் யோசித்திருக்கிறார் பாருங்கள்!

காந்தியடிகள் கைதானதும் 1930-இல் பதவியை விட்டு விலகினார். பொட்டுக்கட்டுவதையே குற்றமாக்கும் சட்டம் 1947-இல்தான் வந்தது. கதவைத் தட்டிய நாளிலிருந்து கணக்குப் போட்டால் 17 வருஷம். சட்டம் வரட்டும் என்று அந்த மூன்று பிள்ளைகளையும் காத்திருக்கச் சொல்ல முடியுமா? உள்ளே கூப்பிட்டுத் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அப்படித்தான் ஔவை இல்லம் பிறந்தது. பின்னால் அது அடையாறுக்கு மாறியது. ஆதரவில்லாத பெண் குழந்தைகள் எத்தனையோ பேர் அங்கே தங்கிப் படித்து வெளியே வந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருடைய தங்கை 1923-இல் புற்றுநோயில் இறந்தார். அந்தத் துயரத்தை முப்பது வருஷம் மனசில் சுமந்து, நிதி திரட்டி, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். தொடக்கத்தில் 12 படுக்கைகள்தான்.

சில வருஷங்களுக்கு முன்னால் என் சின்னம்மாவை அங்கே அழைத்துப் போயிருந்தேன். துணிப்பையும் தண்ணீர் பாட்டிலுமாக வெளியூர் ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதே தாயி, இங்கே நல்லாப் பாத்துக்குவாங்க" என்றார். அதற்குப் பிறகுதான் சின்னம்மா, கொண்டுபோன இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

வணக்கம்.