கடைசித் தாள்

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூட நாட்களில் திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதையில் ஒரு துப்பறியும் நாவல் வாங்கினேன். எட்டணா. விளக்கை அணைக்கச் சொல்லி அப்பா இரண்டு தடவை குரல் கொடுத்தும் விடவில்லை. துப்பறிவாளர் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, கொலைகாரன் யாரென்று சொல்ல வாயெடுக்கிறார், அடுத்த தாளைக் காணோம். மறுநாள் கடைக்காரரிடம் போய் நின்றேன். "அதனாலதான் தம்பி எட்டணா" என்றார். சமையற்காரர் மேல்தான் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

அதே நடைபாதையில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களும் கிடைத்தன. ரஷ்ய எழுத்தாளர் யாக்கோவ் பெரல்மானின் பௌதிகப் புத்தகம் அப்படி வந்ததுதான். முட்டை வெந்ததா, பச்சையா? உடைக்காமல் கண்டுபிடிக்க வேண்டும். சுழற்றிவிட்டு, விரலால் சட்டென்று தொட்டு நிறுத்தி, விரலை எடுத்துவிட வேண்டும். வெந்தது நின்றுவிடும். பச்சை முட்டைக்குள் இருப்பது இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதால் அது மறுபடி மெல்லத் திரும்பும். எங்கள் வீட்டுக்குள் முட்டை வராது. எதிர்வீட்டில் செய்து பார்த்து, தரையையும் நானே துடைத்தேன்.

எங்கள் சமையலறையில் இருந்தது எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. 1951இல் முதலில் வெளிவந்த புத்தகம். ஆழாக்குக் கணக்கை நான் எங்கே படித்தேன்? ஓரத்தில் அம்மா பென்சிலால் எழுதி வைத்ததைத்தான் படித்தேன். ஒரு ரசத்துக்குப் பக்கத்தில், "அண்ணா வந்த அன்று. ஒன்றும் சொல்லவில்லை." என்ன நடந்திருக்கும்? பல நாவல்கள் இவ்வளவு யோசிக்க வைத்ததில்லை.

சரி, எனக்குப் பிடித்த துப்பறியும் கதைக்கு வருகிறேன். உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. சுயசரிதைதான், ஆனால் படித்துப் பாருங்கள். 1880, கும்பகோணம். முன்சீப்பாக, அதாவது கீழ்க்கோர்ட்டு நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரிடம் இளம் ஆசிரியரான ஐயர் தாம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று வரிசையாகச் சொல்கிறார். முதலியார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். அங்கே தொடங்குகிறது தேடல். ஏடு கிடைத்தாலும் சமண சமயச் செய்திகள் பிடிபடவில்லை. விசாரித்தால், அதே ஊரில் சமணர் வீடுகளில் அந்த நூலை முறையாகப் படித்துவருகிறார்கள்! சாட்சி பக்கத்துத் தெருவிலேயே இருந்திருக்கிறார். 1887இல் நூல் அச்சேறியது.

இந்தச் சரித்திரத்திலும் கடைசித் தாள் இல்லை. 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது. 1942 ஏப்ரலில் ஐயர் காலமானார். மணிமேகலைப் பதிப்போடு கதை நிற்கிறது. 1903இல் மாநிலக் கல்லூரிக்கு வந்து, திருவல்லிக்கேணியில் குடியிருந்த ஐயரை அவர் எழுத்தில் நாம் தொடர்ந்து படிக்க முடியாமல் போயிற்று. பெரல்மான் இறந்ததும் அதே 1942தான், முற்றுகையில் கிடந்த லெனின்கிராடில், பட்டினியால். இரண்டு சாவுக்கும் நடுவே ஆறேழு வாரம். என் அலமாரியில் இருவரும் அடுத்தடுத்து இருக்கிறார்கள், தற்செயலாக வைத்ததுதான்.

பைகிராப்ட்ஸ் சாலை இப்போது பாரதி சாலை. கடற்கரைப் பக்கம் நடந்தால் மாநிலக் கல்லூரி, உள்ளே ஐயர் சிலை. போகிற வழியில் நடைபாதையில் குனிந்து ஏதாவது நாவலை எடுத்தால், முதலில் கடைசித் தாளைப் புரட்டுகிறேன். படிப்பதில்லை. இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.